பூண்டு நிறைந்த டப்பாக்கள்

கவுஞ்சி
26 அக்டோபர் 2025

பிரியாவுக்கு,

என் படத்தை எடுத்துவிடு.

இந்த ஒரு வரியோடு மடித்துக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். செல்வமுருகன் அண்ணன் வண்டியில் கேரட் மூட்டை ஏற்றி முடிய இன்னும் நேரம் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று டிக்சன் சார் கொடைக்கானலிலிருந்து காப்பகத்துக்குச் சத்துமாவு கொண்டுவந்தார். இறக்கி வைத்ததும் போனை என்னிடம் நீட்டினார். "ஆக்ஸிலியா, பாரும்மா. டிசம்பர் ரெண்டாந்தேதிக்கு நம்ம 'தளிர்' அமைப்போட நன்கொடை பேஜ் ரெடி. பிரியா சூப்பரா பண்ணியிருக்கா" என்றார்.

பார்த்தேன். நீ செப்டம்பரில் இங்கே வந்தபோது எடுத்த படம். தம்பி டெனிஸுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். தலை வாரவில்லை. அதன் கீழே, "இவள் ஆக்ஸிலியா. வறுமையால் படிப்பை இழந்தவள். ஈகைச் செவ்வாய் அன்று இவள் கண்ணீரைத் துடைக்கக் கை கொடுங்கள்" என்று நீ எழுதியிருந்தாய்.

குப்பம்மாள் அக்கா தன் இரட்டைப் பயல்களை விட வந்திருந்தாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏலே, இவ எப்ப அழுதா? அன்னைக்கு ஈர வெறகு புகைஞ்சுச்சுல்ல, அதுவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

நான் எதையும் இழக்கவில்லை. தாய்மார்கள் வெள்ளனே காய்கறிக் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தி சாயும்போது வந்து வாங்கிக்கொள்கிறார்கள். இடையில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

அம்மா போனுக்குக் கூப்பிடாதே. போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சே வராது. இப்போது பேசவும் விருப்பமில்லை.

ஆக்ஸிலியா


பழனி, அடிவாரம்
29 அக்டோபர் 2025

ஆக்ஸிக்கு,

செல்வமுருகன் அண்ணன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் பஞ்சாமிர்தக் கடை வாசலில் ஹாரன் அடித்தார். "இந்தா, ஒங்கூட்டாளி குடுத்தா. மூஞ்சி சரியில்ல" என்று உன் கடிதத்தைக் கொடுத்தார். உன் மூஞ்சி சரியில்லையா, எழுத்து சரியில்லையா என்று கேட்டேன். "ரெண்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன்னைக் கேவலப்படுத்தவா போட்டேன்? ஈகைச் செவ்வாய் என்றால் என்ன என்று சார் உனக்குச் சொன்னாரோ இல்லையோ, நான் சொல்கிறேன். வருடத்தில் ஒரு நாள், எல்லாரும் கொடுக்கிற நாள். உலகம் முழுக்க உள்ள தொண்டு அமைப்புகள் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்து கேட்கின்றன. கொடுக்க நினைப்பவர்களும் அன்றைக்குத்தான் தேடுகிறார்கள். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள், அனாதை இல்லங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். அதற்கு நடுவில் நம் தளிர் கடுகளவு. ஆன்லைனில் பயிற்சி வைத்தார்கள். காலேஜ் முடிந்து வந்து ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டேன். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், ஒரே ஒரு தேவையைச் சொல்லுங்கள், ஒரு முகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். நான் அதைத்தான் செய்தேன்.

தேவை என்னவென்று உனக்கே தெரியும். டூரிஸ்ட்டுக்கு விடப்போகிறேன், டிசம்பர் கடைசிக்குள் காப்பகம் நடக்கும் அறையைக் காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் உருளைக்கிழங்குக் கொட்டகையைப் பங்குச் சாமியார் தருகிறார். சுவர் இருக்கிறது. கூரை புயலோடு போய்விட்டது. கூரை போட்டால் காப்பகம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. முகம் இல்லாமல் கூரையை எப்படிக் கேட்பது? தகர ஷீட்டைப் படம் பிடித்துப் போடவா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது அரைப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனாய். திரும்பவே இல்லை. உன் டிரங்குப் பெட்டியை ஹாஸ்டல் சிஸ்டர்தான் கட்டி அனுப்பினார்கள். பக்கத்துக் கட்டில் வருடம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. எனக்கு ஒரு வரி எழுதினாயா? 'இழந்தவள்' என்று எழுதும்போது நான் யாரை நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

படத்தை எடுக்க மாட்டேன். வேறு முகம் கொடு, எடுக்கிறேன்.

சண்முகப்பிரியா


கவுஞ்சி
4 நவம்பர் 2025

பிரியாவுக்கு,

கட்டில் காலியாகக் கிடந்தது எனக்குத் தெரியாது.

அந்த லீவில்தான் டெனிஸ் பிறந்தான். அம்மா ஒரு மாதத்தில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மருந்தடிக்கிற காட்டில் கைக்குழந்தையைக் கிடத்த முடியாது. அப்போது காப்பகம் கிடையாது. நான் இருந்தேன். அவ்வளவுதான். யாரும் என்னைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை. அம்மா கேட்கக்கூட இல்லை. அம்மா கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் கிடையாது. நீ எழுதியது வெட்கப்பட வேண்டிய விஷயம் மாதிரி இருந்தது. அதனால்தான் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாய்மார்கள் காப்பகத்தில் கூடினார்கள். உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் என்னால் வாசிக்க முடியாது என்று ஃபெமினாவிடம் கொடுத்தேன். ஃபெமினா கண்மணி அக்காவின் மூத்த மகள், ஏழாவது படிக்கிறாள். கட்டில் பகுதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

"முகம் வேணுமாமா?" என்றாள் குப்பம்மாள் அக்கா. "எம்பயலுக ரெண்டு மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒண்ணக் காட்டி ரெண்டு கூரை கேளுங்க."

என் அம்மா சிரிக்கவில்லை. கித்தேரியம்மாள் சிரிக்காவிட்டால் மற்றவர்களும் அடங்கிவிடுவார்கள். "பிள்ளைக மூஞ்சிய யாரும் காட்ட வேணாம். நாளைக்குப் பெருசாயி, எம்படத்த வச்சு என்னத்த வாங்குனீகன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றாள்.

"அப்ப கூரை?" என்று கேட்டாள் கண்மணி அக்கா. பிறகு கண்மணி அக்காவே சொன்னாள்: "கூரை வந்தா வரட்டும். வரலேன்னா சனவரியில ஃபெமினாவப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திருவேன். சின்னதப் பாக்க ஆளில்ல. நான் சோலிக்குப் போகாட்டி அடுப்பு எரியாது."

ஃபெமினா உன் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். தலை நிமிரவில்லை. நான் அன்றைக்கு எப்படி இருந்திருப்பேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனவே உனக்குக் கொடுக்க வேறு முகம் இல்லை. கூரை மட்டும் வேண்டும். முகம் இல்லாமல் எப்படிக் கேட்பது என்று நீயே யோசி. காலேஜுக்குப் போகிறாயே.

ஆக்ஸிலியா


பழனி, அடிவாரம்
9 நவம்பர் 2025

ஆக்ஸி,

படத்தை எடுத்துவிட்டேன். அந்த வரிகளையும். டிக்சன் சார் "ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு" என்றார். நல்லா இல்லை சார் என்றேன்.

காலேஜுக்குப் போகிறாயே என்று குத்தினாய். காலேஜில் இதைச் சொல்லித் தரவில்லை. கடையில் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லிப் புலம்பினேன். கந்தவேல் பஞ்சாமிர்தக் கடை முதலாளி அல்லவா, வெல்லத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "உலகம் பூராம் கேக்குறது இருக்கட்டும். அன்னைக்குச் செவ்வாக்கிழமை. கார்த்திகைக் கூட்டம் வேற. நம்ம வாசல்ல அத்தன பேரு நடந்து போறாக. அவுகள்ட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

திட்டம் இதுதான். அப்பா அரைக்கிலோ பஞ்சாமிர்த டப்பா கொஞ்சம் தருகிறார். எல்லாம் லேபிள் ஒட்டாத புது டப்பா. செல்வமுருகன் அண்ணன் வண்டி திரும்பும்போது மேலே ஏற்றி அனுப்புகிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பிள்ளையின் கையைச் சாயத்தில் முக்கிப் பதித்துவிடு. முகம் வேண்டாம், கை போதும். உன் அம்மாவிடம் கேட்டுக்கொள். கையைக் காட்டலாம் அல்லவா? அதன் கீழே நான் அனுப்பும் காகிதத்தை ஒட்டு. அதில் இப்படி அச்சடித்திருக்கிறேன்: "கவுஞ்சிப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை. டப்பாவைக் கந்தவேல் பஞ்சாமிர்தக் கடையில் திருப்பித் தரவும்."

டப்பாக்கள் கீழே வந்ததும் மூடியில் காசு போட ஓட்டையை நானே சூடான கத்தியால் போட்டுக்கொள்கிறேன். பிறகு ஆளுக்கொன்றாகக் கடைகளில் வைப்போம். பூக்கடை, குதிரை வண்டி ஸ்டாண்டு, பாலசமுத்திரம் டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டேன். என் வகுப்புப் பெண்களும் வருகிறார்கள். டப்பாக்களைப் படம் எடுத்துப் பேஜிலும் போடுவேன். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்தானே? டப்பாவுக்கு வெட்கம் கிடையாது.

ஃபெமினாவைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூரை போட்டே தீர வேண்டும்.

உன் பிரியா


கவுஞ்சி
27 நவம்பர் 2025

பிரியாவுக்கு,

கை தயார். எல்லாக் கையும் தயார்.

டப்பாக்களோடு நீ வைத்த சீட்டில் நீலமும் சிவப்பும் கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். பார்த்துக்கொண்டேன். டெனிஸ் மட்டும் சாயத்தோடு ஓடிப்போய்ச் சாமியாரின் வெள்ளை அங்கியில் பின்பக்கம் ஒரு கை வைத்துவிட்டான். அவருக்குத் தெரியவில்லை. அப்படியே போய் மாலைப் பூசை வைத்தார். கோயிலே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

குப்பம்மாள் அக்காவின் பயல்கள் ஆளுக்கு ஒரு டப்பாவில் வைக்க மாட்டோம் என்று ஒரே டப்பாவில் இரண்டு கையும் வைத்தார்கள். அதை நல்ல இடத்தில் வை. காகிதம் ஒட்டியது முழுக்க ஃபெமினா. ஒன்றுகூடக் கோணல் இல்லை. என் அம்மா வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். டெனிஸின் கை இருந்ததை மட்டும் முந்தானையால் ஒருதரம் துடைத்து வைத்தாள்.

அவனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நாளை காலையில் மன்னவனூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டப்பாக்களைக் கட்டி வண்டியில் ஏற்றுவதைக் குப்பம்மாள் அக்காவிடமும் மற்றவர்களிடமும் விட்டிருக்கிறேன். நாளை இரவு வண்டியில் கிளம்பி, சனிக்கிழமை காலையில் உன்னிடம் வந்துவிடும்.

வெரசாக ஓட்டை போட்டுக் கொடுத்துவிடு.

ஆக்ஸிலியா


பழனி, அடிவாரம்
29 நவம்பர் 2025

ஆக்ஸி!

டப்பா வந்தது. நிறைந்து வந்தது!

செல்வமுருகன் அண்ணன் சாக்கை இறக்கும்போதே "ஏத்தா, வெறும் டப்பான்னியே, இந்தக் கனம் கனக்குது" என்றார். நான் நம்பவில்லை. அப்பா ஒரு மூடியைத் திறந்தார். பூண்டு. இன்னொன்றைத் திறந்தார். பூண்டு. மலைப்பூண்டு, புகை வாசம் மாறாமல், மூடி பிதுங்கப் பிதுங்க அமுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும்! கடை முழுக்கப் பூண்டு நெடி. பஞ்சாமிர்தம் வாங்க வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். என் வகுப்புப் பெண்களில் இருவர் தலைவலி என்று கிளம்பிவிட்டார்கள்.

யார் வைத்தது? எதற்கு வைத்தது? இதை விற்கச் சொல்கிறார்களா? நான் உண்டியலுக்கு அல்லவா டப்பா அனுப்பினேன்! பூண்டு இருக்கும்போது காசை எங்கே போடுவது?

அப்பா ஒரு பல்லை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல காரம்" என்கிறார். அவரிடம் வேறு யோசனை இல்லை. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிவிட்டு, துடைத்து, ஓட்டை போட வேண்டும். திங்கட்கிழமை வரை காத்திருக்கிறேன். அதற்குள் பதில் போடு.

பிரியா


கவுஞ்சி
30 நவம்பர் 2025

பிரியா,

கொட்டாதே.

டெனிஸை அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். நான் திரும்புவதற்குள் வண்டி போயிருந்தது. எனக்கும் தெரியாது. உன் கடிதத்தைப் பார்த்ததும் குப்பம்மாள் அக்கா வீட்டுக்கு ஓடினேன். துணி அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, ஒரு வீட்டுல இருந்து ஏனம் பாத்திரம் வந்தா அத வெறுசாவா திருப்புவாக? அந்தப் பிள்ள அப்பா புது டப்பா குடுத்து விட்டுருக்காரு. வெறும் டப்பாவ எப்படி அனுப்புறது? எங்கள என்னன்னு நெனப்பாக?"

"அதுல காசு போடணும்க்கா. காசு கேக்கத்தான் டப்பாவே."

"கேளுங்க, யாரு வேணாங்குறா. குடுத்துட்டுக் கேளுங்க. கையிலயும் ஒண்ணுமில்லாம, டப்பாவுலயும் ஒண்ணுமில்லாம போயி நின்னா அதுக்குப் பேரு வேற."

பிரியா, அந்தப் பூண்டு காட்டு முதலாளி பூண்டு இல்லை. அறுவடைக் கூலியோடு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கயிறு இப்போது காலியாகத் தொங்குகிறது. எங்கள் வீட்டிலும். கண்மணி அக்கா வீட்டிலும். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளாளுக்குக் கொண்டுவந்து அமுக்கியிருக்கிறார்கள்.

எல்லாரும் கொடுக்கிற நாள் என்று நீதானே எழுதினாய். எங்களைத் தவிர எல்லாரும் என்றா எழுதினாய்?

அப்படியே கொடு. டப்பாவோடு கொடு. திருப்பித் தரச் சொல்லிக் காகிதம் ஒட்டியிருக்கிறது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கூரை என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை வைத்தாய் என்றால் இவர்கள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

நாளை இரவு வண்டியில் குப்பம்மாள் அக்காவும் நானும் வருகிறோம். நான் பேச மாட்டேன். நிற்பேன்.

ஆக்ஸிலியா


கவுஞ்சி
3 டிசம்பர் 2025

பிரியாவுக்கு,

வந்து சேர்ந்தோம். குப்பம்மாள் அக்கா பஸ்ஸில் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

எல்லாம் என்னால்தான். அந்தக் கறுப்பு வேட்டிச் சாமி "டப்பா எவ்வளவும்மா?" என்று கேட்டபோது நீ கடைக்குள்ளே இருந்தாய். அக்கா குதிரை வண்டிக்காரரிடம் வாயடித்துக்கொண்டிருந்தாள். என்னைத்தான் கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். "விக்கிறதுக்கு இல்லைங்க. குடுக்கிறதுக்கு" என்றேன். அவர் நம்பாமல் நின்றார். "எங்க ஊரு பூண்டு. எங்க அம்மாமாரு குடுத்துவிட்டாங்க. எடுத்துக்கிடுங்க" என்றேன்.

'காசு போடுங்க' என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பேச்சு வராததால் சொல்லாமல் விடவில்லை. எனக்கே சொல்ல விருப்பமில்லை. அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது, பிரியா. கொடுக்கிற பக்கம் நிற்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். "சும்மா குடுக்காகளாம், வாங்கடா" என்று ஒருத்தர் கத்தினார். ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்துப் போலீஸ்காரர்கூட ஒன்று வாங்கிப் போனார். மத்தியானத்துக்குள் ஒரு டப்பா பாக்கி இல்லை. ஒரு ரூபாயும் இல்லை. உன் வகுப்புப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நீ என்னைத் திட்டவில்லை. பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாய். திட்டியிருக்கலாம்.

கண்மணி அக்காவிடம் இன்று விவரம் சொன்னேன். "சரி விடு" என்றாள். ஃபெமினாவின் சீருடையை இப்போதே யாருக்கோ கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாளாம்.

டெனிஸுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

ஆக்ஸிலியா


பழனி, அடிவாரம்
7 டிசம்பர் 2025

ஆக்ஸி, ஆக்ஸி, ஆக்ஸி,

கண்மணி அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல். சீருடையை யாருக்கும் கொடுக்க வேண்டாம். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் பஸ் ஏறிய பிறகு நான் கடைக்குப் பின்னால் போய் அழுதேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பேஜில் சொற்பம்தான் வந்திருந்தது. டிக்சன் சார் போனில் "பரவால்லம்மா, அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் ஃபெமினா எங்கே இருப்பாள் என்று அவரிடம் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் பூக்கடை சுந்தராம்பாள் வந்தாள். கையில் நம் டப்பா. "இந்தாம்மா, திருப்பித் தரச் சொல்லிப் போட்டிருக்குல்ல" என்று நீட்டினாள். வாங்கினேன். கனமாக இருந்தது. திறந்தால் குழந்தைக்குப் போடுகிற கம்பளிக் காலுறை. அதற்கு அடியில் சுருட்டி வைத்த நோட்டு. "என்னங்க இது?" என்றேன். சிரித்தாள். "பூண்டு வந்த டப்பா. வெறுசா நீட்டுனா கை கூசாதா?" என்று கேட்டாள்.

அப்பா வெல்லக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருக்கிறது. ஈகைச் செவ்வாய் முடிந்துபோன விஷயம் டப்பாக்களுக்குத் தெரியவில்லை. இரும்புக்கடைக்காரர் டப்பா நிறையக் கூரை ஆணியும் வாஷரும் போட்டு அனுப்பி, ஷீட்டை அடக்க விலைக்கே தருகிறேன் என்று சொல்லி விட்டிருக்கிறார். முடி இறக்கும் இடத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே டப்பாவில் போட்டிருக்கிறார்கள். பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் யாரோ கொடுத்ததாக இரண்டு கொண்டுவந்தார். உன் கறுப்பு வேட்டிச் சாமி பாலக்காட்டுக்காரராம். கூரியரில் நேந்திரங்காய் வறுவல். வறுவலுக்கு நடுவே பாலிதீனில் மடித்துப் பணம். பாலசமுத்திரத்தில் சேனாதிபதி என்று ஒரு தச்சர். அவர் டப்பாவில் ஒன்றுமே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து, "நான்தான் டப்பாக்குள்ள அடங்க மாட்டேன்ல. நெலையும் கதவும் என் சோலி. எப்ப வரணும்?" என்றார்.

என் வகுப்புப் பெண்கள் (உன்னை முறைத்தார்களே, அவர்கள்தான்) திரும்பி வந்த டப்பாக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் பேஜில் போட்டார்கள். சின்னச் சின்ன நீலக் கை, சிவப்புக் கை. உள்ளே யார் என்ன வைத்தார்கள் என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்து வெளியூர்களிலிருந்து அனுப்புகிறார்கள். "எங்களுக்கும் ஒரு டப்பா கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

கூரைக்கு ஆகிவிட்டது, ஆக்ஸி. மரத்துக்கும் ஆகிவிட்டது. தரைக்குத்தான் இன்னும் காணாது. டிக்சன் சார் நேற்றுக் கடைக்கே வந்துவிட்டார். டப்பாக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ வருடமாக மனு எழுதுகிறாராம். கேட்பதற்கு முன்னால் கொடுக்கிற அமைப்பை இப்போதுதான் பார்க்கிறாராம். அடுத்த ஈகைச் செவ்வாய்க்கும் தாய்மார்களைக் கேட்டு அவர்கள் சொல்கிறபடி தொடங்கலாம் என்கிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் ஒரு நாள் பிந்தியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டி ஓட்டை போட்டிருப்பேன். சூடான கத்தி கையில்தான் இருந்தது.

இனி உனக்கு வேலை. கொடுத்தவர்களுக்கு இந்த மாதத்துக்குள் நன்றி எழுத வேண்டும். அச்சடித்து அனுப்பலாம் என்றார் சார். வேண்டாம், எழுத ஆள் இருக்கிறது என்றேன். பேஜில் காப்பகத்தைப் பற்றிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதையும் நீதான் எழுத வேண்டும். உன் பெயர் போடலாமா வேண்டாமா என்பதையும் நீயே சொல்.

உன் பிரியா


கவுஞ்சி
5 ஜனவரி 2026

அன்பு பிரியா,

நன்றிக் கடிதங்கள் எல்லாம் செல்வமுருகன் அண்ணன் வண்டியில் வந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எழுதினேன். பாலக்காட்டுச் சாமிக்கு எழுதியதுதான் நீளம். வறுவல் நன்றாக இருந்தது என்று டெனிஸ் சொல்லச் சொன்னான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஷீட்டு வந்தது. ஆண்கள் எல்லோரும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஏறினார்கள். தாய்மார்கள் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சேனாதிபதி அண்ணன் இரண்டு நாள் தங்கிக் கதவு போட்டார். "இந்த ஊருப் பொம்பளைக வாய்க்குக் கதவு போட மரம் பத்தாது" என்றார். குப்பம்மாள் அக்கா விடுவாளா? "ஒங்க வீட்டுக் கதவ மொதல்ல சரியாச் சாத்திட்டு வந்தீகளா? ரெண்டு நாளா வீட்டம்மா தேடவே இல்லையே" என்றாள். ஆனாலும் அவருக்கு மூன்று வேளையும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. போகும்போது அவர் பையில் என்ன வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பை வந்தபோது இருந்ததைவிடக் கனமாகத்தான் போயிற்று.

தரை இன்னும் மண்தான். தார்ப்பாய் விரித்து, அதன் மேலே சாக்கு, அதன் மேலே போர்வை. உறைபனி விழுகிறது. ஆனால் உள்ளே காற்று இல்லை. காலையில் ஷீட்டின் மேல் பனி உருகிச் சொட்டும் சத்தம் கேட்கிறது. அது வெளியே சொட்டுகிறது.

பேஜில் போட எழுதியிருக்கிறேன். நீட்டி எழுத வரவில்லை. இதைப் போடு:

"நாங்கள் கவுஞ்சியில் காய்கறிக் காட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம். எங்களுக்குக் கூரை கொடுத்தீர்கள். உங்கள் ஊரில் தம்பி தங்கையைப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட பெண் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். காப்பகம் எப்படி நடத்துவது என்று சொல்லித் தருகிறோம். ஆக்ஸிலியா, தளிர் காப்பகம்."

பெயர் இருக்கட்டும்.

கடைசி வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சொல்லித் தர்றோம்னு போட்டுருக்க. யாராச்சும் நெசமாவே வந்து நின்னா பேசுவியா?" என்று கேட்டாள். பேசுவேன் என்றேன். "ம்" என்றாள். பிறகு தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு, தெரு முழுக்கப் போய் அந்த வரியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். குடத்தில் தண்ணீர் பிடிக்கவே இல்லை.

இன்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். பனி விலகுவதற்கு முன்பே கண்மணி அக்கா காட்டுக்குப் போய்விட்டாள். ஃபெமினா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். ஒரு பக்க ரிப்பன் கட்டவில்லை. மன்னவனூர் பஸ் மேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை என் கையில் திணித்தாள். திரும்பி ஓடினாள். புதுக் கதவையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஏய், தங்கச்சிக்கு டாட்டா காட்டிட்டுப் போடி!" என்று கத்தினேன். ஆமாம் பிரியா, நான்தான். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் காதில் விழவில்லை. பஸ் ஏறிவிட்டாள்.

உன் ஆக்ஸிலியா